போட்டிக் கல்லூரிகள் கூடிச் செய்த காரியம்



கல்லூரிகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கல்லூரியை எடுத்துக்கொண்டு, அதை நிறுவிய பெரியவர் யார், அவர் எத்தனை இடர்களைத் தாண்டினார், எந்தக் கட்டடத்துக்கு யார் கால்கோள் செய்தார் என்ற வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போவது வழக்கமாக இருக்கிறது. இரண்டு கல்லூரிகள், அதிலும் ஒரே மாணவனைத் தத்தம் பக்கம் இழுக்கப் பார்க்கும் இரண்டு கல்லூரிகள், தம்முள் கலந்து பேசி ஒரு காரியத்தைக் கூடிச் செய்த கதை அந்தச் சரித்திரங்களில் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தனியார் கல்லூரிகளைப் பற்றி வெகு காலமாகப் படித்து வரும் எனக்கோ, அந்த அடிக்குறிப்புகளில்தான் விஷயம் இருக்கிறது என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே வருகிறது. மாணவரைத் தேடிச் சென்று அழைப்பதிலும், கல்லூரி என்ற ஒன்று தமக்கும் உரியது என்று நினைத்தே பாராத குடும்பங்களுக்கு அதன் வாயிலைக் காட்டுவதிலும் அந்தக் கல்லூரிகள் எவ்வாறு கைகோத்தன, கோத்த கை எங்கே நழுவிற்று, எங்கே சட்டம் குறுக்கிட்டது என்பதைப் பற்றியே இன்று மாலை தங்கள் முன் பேச விரும்புகிறேன்.

இக்கல்லூரிகளின் சுபாவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இவற்றுக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. தர்மகர்த்தர் சபை ஒன்று இவற்றை நிர்வகிக்கிறது. செலவு போக மிஞ்சிய பணம் கல்லூரிக்கே திரும்புகிறது. அதைப் பங்கு பிரித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. அந்தக் காரணத்தினாலேயே அரசாங்கம் வருமான வரியை விலக்கிக் கொடுத்திருக்கிறது. அரசாங்கமும் இவற்றின்மேல் சொந்தம் கொண்டாட முடியாது என்பது ஒரு பெரிய வழக்கில் தீர்ந்த விஷயம். 1769-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அளித்த சாஸனத்தைக் கொண்டு எழுந்த டார்ட்மத் கல்லூரியை, 1816-ல் நியூ ஹாம்ப்ஷயர் சட்டசபை தன் சர்வகலாசாலையாக மாற்றிக்கொள்ள முனைந்தபோது, தர்மகர்த்தர்கள் அதை எதிர்த்து வழக்காடினார்கள். அக்கல்லூரியின் பழைய மாணவரான டேனியல் வெப்ஸ்டரே அவர்களுக்காக வாதாடினார். 1819-ல் பிரதம நீதிபதி ஜான் மார்ஷல், சாஸனம் என்பது ஓர் ஒப்பந்தம், அதை ஒரு மாகாணம் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தார். அன்று உறுதிப்பட்ட சுதந்திரத்தின் நிழலிலேதான் பின்னர் எத்தனையோ சிறு கல்லூரிகள் மதச் சபைகளாலும் ஊர்ப் பெரியவர்களாலும் நாடெங்கும் நிறுவப்பட்டன. இன்று இத்தகைய ஸ்தாபனங்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன.

சுதந்திரத்துக்கு விலை உண்டு. ஹார்வர்டு, யேல் போன்ற சிலவற்றின் மூலதனம் பெரிது. ஆனால் ஒஹாயோவிலோ அயோவாவிலோ இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் மாணவர்களைக் கொண்ட ஒரு கல்லூரி, அந்த மாணவர்கள் கட்டும் பணத்திலேயே ஜீவிக்கிறது. ஆகஸ்டு மாதத்தில் ஐம்பது பேர் குறைந்து வந்தால், அடுத்த வசந்த காலத்தில் ஒரு மொழித் துறையை மூடலாமா என்ற பேச்சு எழுகிறது. ஆகையினால் ஒவ்வொரு மாணவனுக்காகவும் போட்டி நடக்கிறது. அந்தப் போட்டியில் அச்சிட்ட கட்டணம் ஒன்று, உண்மையில் வாங்கும் கட்டணம் வேறொன்று என்றாகிவிட்டது. இத்தகைய கல்லூரிகளில் புதிதாகச் சேரும் மாணவருக்குச் சராசரியாகக் கட்டணத்தில் பாதிக்கு மேல் உபகாரச் சம்பளம் என்ற பெயரில் தள்ளுபடியாகிறது. கெட்டிக்காரப் பெற்றோர் இதை அறிந்து பேரம் பேசுகிறார்கள். அறியாத பெற்றோர் அச்சிட்ட தொகையைப் பார்த்த மாத்திரத்தில் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது பெற்றோரை மனத்தில் வைத்துக்கொண்டு நான் மேலே சொல்வதைக் கேட்க வேண்டுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பள்ளித் தலைமையாசிரியரின் நிலை எப்படி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய உச்ச வகுப்பிலே பத்துப் பையன்கள் இருந்தால், அவர்கள் ஐந்து கல்லூரிகளுக்குப் போக விரும்பினால், ஐந்து கல்லூரிகளும் ஐந்து விதமான நுழைவுப் பரீட்சைகளை வைத்திருந்தன. ஒரு கல்லூரி லத்தீனில் ஓர் ஆசிரியரைக் கேட்கும். அடுத்தது வேறொருவரைக் கேட்கும். ஆங்கிலத்தில் படித்திருக்க வேண்டிய நூல்களின் பட்டியலும் ஆளுக்கொன்று. பரீட்சை நடப்பது அந்தந்தக் கல்லூரியில், அல்லது அது வசதியாகக் கருதிய ஏதோ ஒரு நகரத்தில். கல்லூரிக்கென்றே பிள்ளைகளைத் தயாரிக்கும் பணக்காரப் பள்ளிகள் எப்படியோ இதைச் சமாளித்தன. சாதாரண ஊர்ப் பள்ளிகளால் முடியவில்லை. கொலம்பியா சர்வகலாசாலையின் நிக்கோலஸ் மரே பட்லரும், ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட்டும் இதைப் பல ஆண்டுகளாகக் கண்டித்துப் பேசி வந்தார்கள். 1899 டிசம்பரில் கூடிய கூட்டத்தில் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான பரீட்சை மன்றம் ஒன்றைப் பட்லர் பிரேரணை செய்தபோது, லஃபயெட் கல்லூரியின் தலைவர் வார்ஃபீல்ட் எழுந்து, தம் கல்லூரியில் யாரைச் சேர்ப்பது என்பதைப் பிறர் சொல்லக் கேட்கத் தாம் தயாரில்லை என்று ஆட்சேபித்தார். அதற்கு எலியட் அமைதியாகப் பதில் சொன்னார். மன்றம் பரீட்சை நடத்தி முடிவைத் தெரிவிக்குமே தவிர யாரையும் சேர்க்கச் சொல்லாது. அப்பரீட்சையில் தேறாதவர்களை மட்டுமே சேர்ப்பதென்று லஃபயெட் தீர்மானித்தாலும் அந்தப் பாக்கியத்தை அதனிடமிருந்து யாரும் பறிக்கப் போவதில்லை என்பது அந்தப் பதிலின் சாரம். சபை சிரித்தது, பிரேரணை நிறைவேறியது.

அந்தப் பதிலை நான் வேடிக்கைக்காக எடுத்துச் சொல்லவில்லை. கல்லூரிகளின் கூட்டுறவு எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதற்கு அதைவிடத் தெளிவான வரையறை இதுவரை யாரும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. வாசலுக்கு வரும் வழியைப் பொதுவாக்கு. வாசலில் யாரை உள்ளே விடுவது என்ற முடிவை அவரவரிடம் விடு. 1900-ல் அமைந்த அந்த மன்றத்தின் முதற் பரீட்சை 1901 ஜூனில் நடந்தது; 973 பேர் எழுதினார்கள்; கொலம்பியாவின் நூலகத்தில் பல கல்லூரிகளின் ஆசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்தினார்கள். தம் கல்லூரியில் சேரப் போவது யார், அயல் கல்லூரியில் சேரப் போவது யார் என்று அறியாமலே ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையின் கட்டுரையைப் படித்து மதிப்பிட்டது அந்நாட்டில் ஒரு புதிய அனுபவம். பிற்காலத்தில் அந்த மன்றம் கொடுத்த பரீட்சைகளின் மேல் எத்தனையோ குறைகள் சொல்லப்பட்டன, அவற்றில் பல நியாயமானவையே. ஆயினும் அதன் பிறப்பில் இருந்த நல்லெண்ணத்தை மறுக்க இயலாது.

மகளிர் கல்லூரிகள் இந்தப் பாடத்தை விரைவில் கற்றுக்கொண்டன. 1915-ல் வாஸர் கல்லூரியின் தலைவர் ஹென்றி நோபிள் மக்ராக்கன், வெல்லெஸ்லி, ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் ஆகிய மூன்றையும் கலந்தாலோசனைக்கு அழைத்தார். 1926-க்குள் பிரின் மார், பர்னார்ட், ராட்க்ளிஃப் ஆகியவையும் சேர்ந்து ஏழாயின. பெண்களின் உயர்கல்விக்குப் பணம் கொடுக்கப் பணக்காரர்கள் தயங்கிய நாட்டில், ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே கதவைத் தட்டுவதைவிட ஏழும் ஒரே குரலில் பேசுவது மேல் என்று கண்டார்கள். (1915 என்ற அதே ஆண்டிலேதான் சென்னையில் பல நாட்டு மிஷன் சங்கங்கள், தமக்குள்ளிருந்த சபை வேற்றுமைகளைத் தள்ளி வைத்து, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியைக் கூடி நிறுவின என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.)

ஆட்களைச் சேர்க்கும் தொழிலில் ஒழுக்கம் வேண்டும் என்ற எண்ணம் பொருளாதார மந்தத்தின் ஆண்டுகளிலே பிறந்தது. பிள்ளைகள் குறைந்தார்கள், கட்டணம் கட்ட வல்லவர்கள் அதனினும் குறைந்தார்கள், கல்லூரிகளின் பிரதிநிதிகள் பள்ளி பள்ளியாகச் சுற்றினார்கள். தலைக்கு இவ்வளவு என்று தரகு பேசிக்கொண்டு போகிறவனுக்குப் பிள்ளையின் நன்மையில் என்ன அக்கறை இருக்க முடியும்? 1937-ல் மத்திய மேற்குப் பகுதியின் சில கல்லூரிகள் கூடி அமைத்த சங்கம், பின்னர் நாடு தழுவிய சேர்க்கை ஆலோசகர் சங்கமாக வளர்ந்து, தரகு முறையை விலக்கிற்று. பள்ளி ஆலோசகரும் கல்லூரி அதிகாரியும் ஒரே ஒழுக்க விதிக்குக் கட்டுப்படுவது என்ற ஏற்பாட்டையும் உண்டாக்கிற்று. மே மாதம் முதல் தேதிவரை எந்த மாணவனையும் முடிவு சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது, அந்தத் தேதிக்குப் பின் வேறு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டவனைக் கலைக்கக் கூடாது என்ற வழக்கங்கள் இவ்வாறு நிலைபெற்றன.

இப்பொழுது டஸ்கீகி என்ற கல்லூரியைப் பற்றிச் சொல்கிறேன். நீக்ரோக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பின மக்களுக்காக உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாகாணங்களில் எழுந்த தனியார் கல்லூரிகள், ஒவ்வொன்றும் வடக்கே இருந்த அதே சில தர்மவான்களிடம் கையேந்தி நின்றன. ஒருவர் கொடுத்தால் மற்றொன்றுக்குக் குறையும். மிருக வைத்தியத்தில் பட்டம் பெற்று டஸ்கீகியின் தலைவரான ஃபிரெடரிக் பேட்டர்சன், 1943 ஜனவரியில் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின மக்களின் பத்திரிகையில் எழுதிய கட்டுரையொன்றில், தனித்தனியே திரட்டும் செலவையும் சிரமத்தையும் ஒன்று சேர்த்து, பொதுமக்களிடம் கூட்டாகக் கேட்போம் என்று யோசனை கூறினார். கல்லூரித் தலைவர்கள் பலர் தயங்கினார்கள். புகழ்பெற்ற கல்லூரி சிறிய கல்லூரிக்குத் தன் நன்கொடையாளரின் பெயர்களைக் காட்டிக்கொடுப்பது எளிதான தியாகம் அன்று. எனினும் 1944 ஏப்ரலில் இருபத்தேழு கல்லூரிகள் சேர்ந்து ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதியை நிறுவின.

இது பணம் திரட்டிய கதைதானே, மாணவரைத் திரட்டிய கதை அல்லவே என்று கேட்கலாம். இரண்டையும் பிரிக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். அந்த நிதி கேட்ட ஒவ்வொரு டாலரோடும் ஒரு செய்தியும் வீடு வீடாகப் போயிற்று. அலபாமாவில் பருத்தி பறிக்கும் குடும்பத்துப் பையன் தன் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தட்டில் விழும் சில்லறை எதற்கென்று கேட்கிறான். உன்னைப் போன்றவர்கள் படிக்கிற கல்லூரிகளுக்கு என்று பதில் வருகிறது. இத்தனை கல்லூரிகள் இருக்கின்றனவா என்பதையே அவன் அப்பொழுதுதான் அறிகிறான். கல்லூரிகள் ஒரு கூட்டமாகக் காட்சி கொடுத்ததனால், கல்லூரி என்பதும் ஒரு தனி ஊரின் அதிசயமாக இல்லாமல் ஒரு சமூகத்தின் உடைமையாகத் தோன்றிற்று.

உதவித்தொகை விஷயத்துக்கு வருவோம். இதுவே என் சொற்பொழிவில் சிக்கலான பகுதி, ஆகவே சற்று நின்று பேச வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கல்லூரிகள் நல்ல மாணவனுக்காக ஒன்றையொன்று விஞ்சி உபகாரச் சம்பளத்தை ஏலம் விடத் தொடங்கின. ஏலத்தில் யாருக்குக் கிடைத்தது? கெட்டிக்காரனுக்குக் கிடைத்தது, அவன் பணக்காரனாயினும் கிடைத்தது. ஹார்வர்டில் உதவித்தொகையைக் கவனித்து வந்த ஜான் மன்ரோ என்பவர், ஒரு குடும்பம் தன் வருமானத்திலிருந்து நியாயமாக எவ்வளவு கொடுக்க இயலும் என்பதைக் கணக்கிட ஒரு சூத்திரத்தை வகுத்தார். 1954-ல் பரீட்சை மன்றத்தின் கீழ் அமைந்த உதவித்தொகைச் சேவை அதைப் பொது முறையாக்கிற்று: பெற்றோர் ஒரே படிவத்தில் வருமானத்தை எழுத, அதன் பிரதி அவர்கள் விரும்பிய கல்லூரிகளுக்கெல்லாம் செல்லும். தேவையுள்ளவனுக்குத் தேவையளவு கொடுப்பது என்ற கொள்கை இந்த ஒரு காகிதத்தினால் நாடெங்கும் பரவிற்று.

1958 முதல், ஹார்வர்டு, யேல் முதலான ஐவி குழுவின் எட்டு ஸ்தாபனங்களும் எம்.ஐ.டி.யும் இன்னும் ஓர் அடி முன்னே போயின. ஒவ்வொரு வசந்தத்திலும் அவற்றின் அதிகாரிகள் ஓரிடத்தில் கூடி, ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, அந்தக் குடும்பம் எங்கே சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே தொகையைக் கட்டும்படி முடிவு செய்தார்கள். பணத்தைப் பாராமல் படிப்பைப் பார்த்துப் பிள்ளை தேர்ந்துகொள்ளட்டும், ஏலத்தில் மிஞ்சும் பணம் ஏழைப் பிள்ளைக்குப் போகட்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். விலையைக் கூடிப் பேசி நிர்ணயிப்பது வியாபாரச் சதி என்பது அரசாங்கத்தின் நியாயம். 1991-ல் வழக்கு வந்தவுடன் எட்டும் இனி அவ்வாறு செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டு விலகின, எம்.ஐ.டி. மட்டும் நின்று வாதாடிற்று. 1992-ல் தோற்றது, 1993-ல் மேல் கோர்ட்டு, கல்வியின் சமூகப் பயனையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பிற்று, அவ்வாண்டு முடியுமுன் சமரசம் ஏற்பட்டது. 1994-ல் காங்கிரஸ் ஒரு நடுவழியைச் சட்டமாக்கிற்று: பணத் தேவையைப் பாராமல் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகள் கணக்கிடும் முறையைப் பற்றிக் கலந்து பேசலாம், ஒரு தனி மாணவனுக்குக் கொடுக்கும் தொகையைப் பற்றிப் பேசக் கூடாது. அந்தச் சட்டமும் 2022-ல் காலாவதியாகிவிட்டது. அதன் நிழலில் கூடியிருந்த கல்லூரிகளின் மேல் பழைய மாணவர்கள் தொடுத்த வழக்கில், பல கல்லூரிகள் கோடிக்கணக்கான டாலர் கொடுத்துச் சமாதானமாகப் போயிருக்கின்றன.

இதில் யார் பக்கம் நியாயம்? வெகு காலம் நான் கல்லூரிகளின் பக்கமே சாய்ந்திருந்தேன். இன்றும் அவர்கள் சொன்ன காரணத்தைப் பொய் என்று எண்ணவில்லை. ஆனால் அறைக்குள் கூடியவர்கள் பேசியது அறைக்கு வெளியே இருந்த ஒரு குடும்பத்தின் பணத்தைப் பற்றி. அந்தக் குடும்பத்தின் சார்பில் அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எலியட் வரைந்த கோட்டை அந்த வசந்தக் கூட்டங்கள் தாண்டிவிட்டன. வழியைப் பொதுவாக்குவதற்குப் பதில் முடிவைப் பொதுவாக்கின. சூத்திரத்தை வகுத்த மன்ரோவின் பிற்கால வாழ்க்கை எனக்கு இதைவிட அதிகம் கற்பிக்கிறது. ஹார்வர்டு கல்லூரியின் டீனாக உயர்ந்திருந்த அவர், 1967-ல் அந்தப் பதவியை விட்டு, அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மாணவர்கள் படித்த மைல்ஸ் என்ற ஏழைக் கல்லூரிக்குப் போய், முதலாண்டு மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார். பின்னர் மிஸ்ஸிஸிப்பியின் டூகலூவில் அதே பணியைத் தொடர்ந்தார். அந்தப் பிள்ளைகள் ஹார்வர்டின் எந்தப் படிவத்திலும் இடம்பெறாதவர்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

படிவம் என்றதும் 1975-ஐச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஆறு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை ஆறு படிவங்களைத் தருவித்து, தந்தையின் தொழில், தாயின் படிப்பு, தான் வாங்கிய மார்க்கு எல்லாவற்றையும் ஆறு முறை தட்டச்சுச் செய்ய வேண்டும். அவனுடைய ஆசிரியரும் ஆறு சிபாரிசுக் கடிதங்களை எழுத வேண்டும். தட்டச்சு யந்திரம் வீட்டில் இல்லாத பிள்ளை என்ன செய்வான்? அவ்வாண்டு பதினைந்து தனியார் கல்லூரிகள் கூடிப் பொது விண்ணப்பம் ஒன்றை அச்சிட்டன. ஒரு முறை நிரப்பிப் பிரதி எடுத்து அனுப்பினால் போதும். அதைவிட முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: தன் சொந்தப் படிவத்தில் வந்த விண்ணப்பத்தையும் பொதுப் படிவத்தில் வந்ததையும் ஒரே கண்ணால் பார்ப்பதாக ஒவ்வொரு கல்லூரியும் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு இல்லாவிட்டால் பொதுப் படிவம் ஏழைகளின் படிவம் என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

பதினைந்து இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அரசாங்க சர்வகலாசாலைகளும் பிற நாட்டுக் கல்லூரிகளும் சேர்ந்துவிட்டன. ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதைக் கணிப்பொறியில் நிரப்புகிறார்கள். இவ்வளவு பெரிய வெற்றி தன் கேட்டையும் கூட்டிவந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் இன்னொரு கல்லூரிக்கும் போய்ச் சேரும் என்பதால், பிள்ளைகள் இருபது கல்லூரிகள்வரை விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பம் பெருகப் பெருக மறுப்பும் பெருகுகிறது. மறுப்பு மிகுந்த கல்லூரியே உயர்ந்தது என்ற மூடநம்பிக்கை வலுக்கிறது. 2013-ன் இலையுதிர் காலத்தில் புதிய கணிப்பொறி ஏற்பாடு பழுதுபட்டு, கடைசித் தேதிகளைக் கல்லூரிகள் தள்ளிவைக்க நேர்ந்தபோது, எல்லோரும் ஒரே வழியில் செல்வதிலுள்ள அபாயமும் வெளிப்பட்டது. எனினும் அந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது வழியைச் சமமாக்கியது; வழியின் தொடக்கத்துக்கே வந்து சேராதவர்களை அது எட்டவில்லை என்பதே என் கவலை.

வந்து சேராதவர்கள் யார்? கரோலைன் ஹாக்ஸ்பி என்ற பொருளாதார அறிஞரும் கிறிஸ்டஃபர் ஏவரியும் ஆராய்ந்து சொன்னது கல்லூரி உலகத்தைத் திடுக்கிட வைத்தது. படிப்பில் மிக உயர்ந்து நிற்கும் ஏழைப் பிள்ளைகளில் பெரும்பாலோர், தரம் மிகுந்த கல்லூரி ஒன்றுக்குக்கூட விண்ணப்பிப்பதே இல்லை. விண்ணப்பித்திருந்தால் உதவித்தொகை போக அங்கே அவர்களுக்குச் செலவு குறைவாகவே ஆகியிருக்கும். அவர்கள் பெரிய நகரங்களில் கூட்டமாக இல்லாமல் சிற்றூர்களில் தனித்தனியே சிதறிக் கிடக்கிறார்கள். அந்த ஊரிலிருந்து அத்தகைய கல்லூரிக்குப் போனவர் எவரும் இல்லை. கேட்டறிய ஆள் இல்லை. ஹாக்ஸ்பியும் ஸாரா டர்னரும் 2013-ல் வெளியிட்ட பரிசோதனையில், உண்மையான செலவைக் காட்டும் தாள்களையும் கட்டண விலக்குச் சீட்டுகளையும் உறையிலிட்டு அத்தகைய பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்பியபோது, தலைக்கு ஆறு டாலர் செலவிலேயே பலருடைய போக்கு மாறக் கண்டார்கள். எல்லோரும் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். பின்னர் பரீட்சை மன்றம் அதே போன்ற உறைகளை மிகப் பெரிய அளவில் அனுப்பிப் பார்த்தபோது, பிள்ளைகள் சேர்ந்த கல்லூரிகளில் எந்த மாறுதலும் தென்படவில்லை. கல்லூரிகளின் விளம்பரக் காகிதம் வீட்டுத் தபால் பெட்டியை நிரப்பும் நாட்டில், இன்னொரு காகிதம் எவ்வளவு நல்லதாயினும் பத்தோடு பதினொன்றாகிவிடுவதில் வியப்பில்லை.

ஆகவே ஆள் போக வேண்டும். ஆள் போவதற்குப் பணம் வேண்டும். ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இருபது பேர் கொண்ட உச்ச வகுப்பைப் பார்க்க ஒரு கல்லூரி தனியாக ஓர் அதிகாரியை நாள் முழுதும் காரில் அனுப்பினால் கணக்கு உதைக்கும். நான்கு கல்லூரிகள் ஒரே வண்டியில் போனால் உதைக்காது. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, டியூக், ஜார்ஜ்டவுன், பென்ஸில்வேனியா ஆகிய ஐந்தும் இவ்வாறு கூட்டாக ஊர் ஊராகச் சென்று மாலைக் கூட்டங்கள் நடத்துகின்றன. சிறு கல்லூரிகளின் அத்தகைய கூட்டம் ஒன்றை அயோவாவின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் கண்டிருக்கிறேன். கூடைப்பந்து ஆடும் கூடத்தில் மடக்கு மேஜைகளைப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் தத்தம் கல்லூரியின் வண்ணத்துணியை விரித்து, அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். விதை நிறுவனத்தின் பெயர் பொறித்த தொப்பியைக் கழற்றாமலே வந்த ஒரு விவசாயி, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அச்சிட்ட கட்டணத்தின் மேல் விரலை வைத்து, இவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டார். மேஜையில் இருந்த இளம் பெண் அதிகாரி தம் கணிப்பொறியைத் திருப்பி வைத்து, ஒவ்வொரு கல்லூரியும் 2011 முதல் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய நிகரச் செலவுக் கணக்கியில் அவருடைய வருமானத்தைப் பதிவு செய்து, வந்த தொகையைக் காட்டினார். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு மகள் செவிலியர் படிப்பைப் பற்றிக் கேட்டாள். எங்கள் கல்லூரியில் அது இல்லை என்று சொல்லி, அந்த அதிகாரி எழுந்து, அவளை அடுத்த மேஜைக்கு அழைத்துச் சென்று, அங்கே இருந்தவரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் பொருளை இன்றைக்கு எடுத்துக்கொண்டேன் என்று சொல்லலாம். போட்டிக் கல்லூரியிடம் ஒரு மாணவியைக் கையோடு அழைத்துப் போய் ஒப்படைக்கும் மனம் தனியே போன அதிகாரிக்கு இருந்தாலும் அதைச் செய்யும் வாய்ப்பு அவருக்கு இராது. கூட்டாகப் போனவர்க்கே அது கிட்டுகிறது. 2023 ஏப்ரலில் சிற்றூர் மாணவர்களுக்கென்றே பதினாறு ஸ்தாபனங்கள், தனியாரும் அரசாங்கமும் கலந்து, ஸ்டார்ஸ் என்ற கூட்டணியை அமைத்து, இவ்வகையில் பயணம் செய்யத் தொடங்கின. மிஸ்ஸூரியின் சிற்றூர் ஒன்றில் பிறந்து சிகாகோ சர்வகலாசாலையில் படித்த பைரன் டிராட் என்ற தனவந்தர் அதற்குப் பொருளுதவி செய்தார். அடுத்த ஆண்டே பதினாறு முப்பத்திரண்டாயிற்று.

இனி வரும் ஆண்டுகள் கடினமானவை. அமெரிக்காவில் பிறப்புகள் 2007-ல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கின. அவ்வாண்டு பிறந்தவர்கள் கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டார்கள், இனி வருவோர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். நீதி இலாகாவின் விசாரணைக்குப் பின் 2019-ல், வாக்குக் கொடுத்த மாணவனைக் கலைக்கக் கூடாது என்ற பழைய விதியையும் ஆலோசகர் சங்கம் நீக்க நேர்ந்தது. போட்டியைத் தடுக்கும் ஒப்பந்தம் அது என்று அரசாங்கம் கருதிற்று. மே முதல் தேதிக்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் தள்ளுபடி தருகிறோம், வா என்று கூப்பிடுவதற்குத் தடை இல்லை. பசித்த கல்லூரிகள் அவ்வாறு கூப்பிடும். கட்டணத்தைப் பற்றியோ ஒருவர் மாணவனை மற்றவர் தொடாமை பற்றியோ கூடிப் பேச முடியாமற் போனதை எண்ணி வருந்தும் கல்லூரித் தலைவர்களை நான் சந்தித்திருக்கிறேன். சட்டம் தடுக்காத பரப்பு எவ்வளவு பெரிது என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். கூட்டாகப் பயணம் செய்வதையும், பொதுப் படிவத்தையும், உண்மைச் செலவைத் தெளிவாகச் சொல்வதையும், தன்னிடமில்லாத படிப்புக்கு அயலானைக் காட்டுவதையும் யாரும் தடுக்கவில்லை.

அவற்றினும் அவசரமான காரியம் ஒன்று உண்டு. அந்நாட்டுப் பள்ளிகளில் ஏறக்குறைய நானூறு மாணவருக்கு ஓர் ஆலோசகரே இருக்கிறார். இருநூற்றைம்பதுக்கு ஒருவர் வேண்டும் என்பது அவர்களுடைய சொந்தச் சங்கத்தின் பரிந்துரை. 2005-ல் வர்ஜீனியா சர்வகலாசாலையில் தொடங்கிய ஆலோசகர் படை என்னும் திட்டம், அண்மையில் பட்டம் பெற்ற இளைஞரை ஏழைப் பள்ளிகளில் உட்கார்த்தி வைக்கிறது. வட கரோலினாவில் டியூக்கும் டேவிட்ஸனும் அதில் பங்கு பெற்றிருக்கின்றன. டியூக்கிலிருந்து அனுப்பப்பட்ட இளைஞர் டியூக்குக்கு ஆள் பிடிக்கக் கூடாது என்பது அங்கே விதி. எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எது பொருந்துமோ, அது டேவிட்ஸனாயினும், அரசாங்கக் கல்லூரியாயினும், பக்கத்து ஊரில் இரண்டாண்டுப் படிப்புத் தரும் சிறு கல்லூரியாயினும், அதற்கே அவர் விண்ணப்பம் நிரப்ப உதவுகிறார். அயோவாவிலும் ஒஹாயோவிலும் உள்ள சிறு கல்லூரிகள் நான்கு நான்காகச் சேர்ந்து, ஆளுக்குக் கால் பங்கு சம்பளம் ஏற்று, தம் வட்டாரத்துப் பள்ளி ஒவ்வொன்றிலும் அத்தகைய ஓர் இளைஞரை வரும் இலையுதிர் காலத்துக்குள் அமர்த்த வேண்டும் என்பதே நான் அவர்களைக் கண்ட போதெல்லாம் கேட்டுக்கொண்டது, இனியும் கேட்பேன்.